இறங்கிக்கொண்டே வந்த எண்கள்

அத்தியாயம் 7

"பொய் எண் எழுதுறவன் எப்படி எழுதுவான், ரிதுவான்?"

காலை ஒன்பது மணிக்கு, கோப்பியில் சீனி கலக்கும் முன்பே இப்படி ஒரு கேள்வி வந்தால் அன்று மத்தியானச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது என்று அர்த்தம். கேட்டவர் கஜலட்சுமி அக்கா. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்துகளை ஆராய்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், தெங்கேராவில் என் அத்தா நடத்தும் மளிகைக் கடையின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்துத் துப்பறிய ஆரம்பித்தார். நான் கார் ஓட்டுவேன், கோப்பி வாங்கி வருவேன், ஜோக் அடிப்பேன். சம்பளம் முதல் இரண்டுக்கு மட்டும்.

"அழகா எழுதுவான்க்கா. நான் ஸ்கூல்ல சயன்ஸ் எக்ஸ்பெரிமெண்ட் செய்யாமலே எழுதியிருக்கேன். எழுபத்தொண்ணு, எழுபது, எழுபத்திரெண்டுன்னு பக்கத்துப் பக்கத்துல போட்டா வாத்தியாருக்குச் சந்தேகமே வராது."

"இதைப் பாரு."

மேசையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று திறந்து கிடந்தது. பதினோரு சோதனைகள், பதினோரு எண்கள். மூலப்பொருளில் நூற்றுக்கு எத்தனை பங்கு தேறியது என்ற விவரம். 71, 68, 66, 61, 57, 52, 49, 44, 40, 37, 33. அதற்கப்புறம் பக்கம் பக்கமாக வெறும் பூஜ்யம். நாற்பத்தோரு பூஜ்யம்.

நோட்டுக்குச் சொந்தக்காரர் டாக்டர் சுதர்ஷன். வயது நாற்பத்திமூன்று. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைகளைத் தாண்டிப் போகும் சாலையில் இருக்கும் தனியார் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானியாக இருந்தார். ஜனவரியில் ஒரு காலை, நாற்பத்தோராவது பூஜ்யத்தை எழுதிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. செத்த பிறகும் மனுஷனை விடவில்லை. அவர் எழுதிய கட்டுரை தெரிந்தே சொன்ன பொய் என்று, அதை வெளியிட்ட பத்திரிகைக்கு ஆராய்ச்சிக்கூடம் கடிதம் அனுப்பப் போகிறது. இன்று மாலை ஐந்து மணிக்கு.

அவருடைய மனைவி தாட்சாயினி முந்தாநாள் வந்து இந்த நோட்டை வைத்துவிட்டுப் போனார். அழவில்லை. "அவர் பொய் சொன்னாரா, இல்லையா? லெட்டர் போறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்" என்று மட்டும் சொன்னார்.

"அப்படி என்னதான்க்கா செஞ்சாரு அவரு?"

அக்கா இரண்டு நாளாக இதையே படித்துக்கொண்டிருந்தார். "ஆல்கைன்னு ஒரு வகை இருக்கு. அதுல ரெண்டு கரி அணு, மூணு கையால ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கும். அந்தப் பிடியைத் தளர்த்தி, பக்கத்துல இருக்கிற வளையத்தோட சேர்த்து மூடினா, தேன்கூடு மாதிரி அறுகோணம் அறுகோணமா ஒட்டின பொருள் கிடைக்கும். பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்."

"பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு ரொட்டி சானாய் தின்னுடலாம் போல."

"தார்லயும், நீ ராத்திரி திங்கிற கருகின சாத்தே கறியிலயும் இருக்கிற அதே குடும்பம்தான். சுத்தமா, ஒரே அளவா செஞ்சா ஃபோன் திரைக்கு ஆகும். ஆனா பிடியைத் தளர்த்த நடுவுல ஏதாவது ஒரு உலோகம் வேணும். இவரு உலோகமே இல்லாம, வெறும் அமிலத்தை வெச்சே செஞ்சேன்னு எழுதினாரு."

"தரகர் இல்லாம கல்யாணம்."

"ஆமா. மத்தவங்களால அதைத் திருப்பிச் செய்ய முடியல. அப்புறம் அவராலயே முடியல. திருட்டுத்தனமா உலோகத்தைப் போட்டுட்டு, போடலைன்னு எழுதிட்டார்ங்கிறாங்க." அக்கா நோட்டை மூடினார். "வண்டியை எடு."

* * *

ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் டாக்டர் திருக்குமரன் எங்களை வாசலில் நிறுத்தியே பேசி அனுப்பப் பார்த்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. பார்த்தவுடனே முடிவு கட்டினேன், இவர்தான் வில்லன் என்று. கூட வேலை பார்த்தவன் பெயர் வாங்கிவிட்டான் என்று பொறாமை, குடுவையை மாற்றிவிட்டார், கேஸ் முடிந்தது, மத்தியானத்துக்குள் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

"எல்லாச் சோதனையும் ஏழாம் நம்பர் குடுவையிலதான் செஞ்சிருக்காரு" என்றார் அக்கா. "அதைப் பார்க்கலாமா?"

"பலிச்சதும் அந்தக் குடுவையிலதான், பலிக்காததும் அந்தக் குடுவையிலதான். அதுல என்ன இருக்கு?" என்று அலுத்துக்கொண்டே கூட்டிப்போனார். என் வில்லன் கதை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

அலமாரியில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் குங்குமம். ஏழாம் நம்பரின் அடிப்பாகம் முழுக்கக் கீறல்.

"ஆயுத பூஜை" என்றார் திருக்குமரன். "எங்க லேப் அசிஸ்டெண்ட் மணியண்ணன் வருஷா வருஷம் எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வைப்பாரு. சீன ஸ்டாஃப்கூட வந்து கும்பிட்டுப் பொரி வாங்கிட்டுப் போவாங்க. சுதர்ஷன் போன மறுவாரமே அவரும் ரிடயர் ஆகிட்டாரு."

"போன வருஷம் பூஜை எப்போ?"

"அக்டோபர் பதினொண்ணு."

அக்கா நோட்டைப் புரட்டினார். கடைசியாகப் பலித்தது அக்டோபர் எட்டு. முதல் பூஜ்யம் அக்டோபர் பதினாலு.

"மத்த நாள்ல எதால கழுவுவாரு?"

"சோப்பு, தண்ணி."

"பூஜைக்கு?"

"ராஜதிராவகம். ரெண்டு அமிலத்தைக் கலந்து ஊற வைப்பாரு."

அக்கா என் பக்கம் திரும்பினார். "சோப்புக்குப் போகாது. ஒத்தை அமிலத்துக்கும் போகாது. ரெண்டும் சேர்ந்தாத்தான் கரையும். என்னாது அது?"

என் மாமா அப்துல் வஹீது நகைக்கடை வைத்திருப்பவர். பட்டறையில் அந்த மஞ்சள் புகையைப் பார்த்து வளர்ந்தவன் நான். "இது கூடவா தெரியாது? தங்கம் லா" என்றேன் விளையாட்டாக.

திருக்குமரன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தங்கம்..." என்றார். "தங்கம் ஒரு பொட்டு இருந்தாப் போதும். ஆல்கைன் பிடி தளர்ந்துடும். கண்டிப்பா வளையம் மூடும். ஆனா நாங்க தங்கம் வாங்கினதே இல்லையே." எழுந்து ஓடி, சுதர்ஷன் செய்து வைத்திருந்த பொருளின் சிறு குப்பிகளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்.

அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"முதல் குப்பியில தங்கம் இருக்கு. ரொம்பக் கொஞ்சம். பதினோராவதுல கிட்டத்தட்ட இல்ல." கையில் இருந்த காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நீங்க இதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் மேடம். இவ்வளவு நாள் எங்ககிட்ட ஆதாரம் இல்ல, சந்தேகம்தான். இப்போ ஆதாரமே வந்துடுச்சு. தங்கத்தைப் போட்டுட்டு, போடலைன்னு எழுதியிருக்கான். நானும் அவனும் எட்டு வருஷம் ஒரே ரூம்ல இருந்தோம். அவன் அப்படிச் செய்வான்னு நான் நம்பவே இல்ல, தெரியுமா?"

உதவி செய்ய வந்து ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது எங்கள் நிலைமை. எனக்கே தாட்சாயினியின் முகம் கண்முன்னே வந்துபோனது.

அக்கா மட்டும் அசையவில்லை. "டாக்டர், நீங்க தங்கம் போட்டுச் செய்யறதா இருந்தா ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போடுவீங்க?"

"ஒரே அளவுதான்."

"அப்போ கிடைக்கிறதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இல்லியா?"

"இருக்கும்."

"இவருக்கு ஏன் எழுபத்தொண்ணுல ஆரம்பிச்சு முப்பத்திமூணுக்கு இறங்கிச்சு? தானே போடறவன் குறைஞ்சா இன்னும் கொஞ்சம் போடுவான். பொய் எழுதறவனும் இறங்கற மாதிரி எழுத மாட்டான். இது யாரோ ஒரே ஒரு தடவை வெச்சுட்டுப் போனது. கீறல்ல ஒட்டியிருந்தது, ஒவ்வொரு சோதனையிலயும் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு போயிருக்கு. மிச்சத்தை ஆயுத பூஜை கழுவிடுச்சு. அது இருந்ததே சுதர்ஷனுக்குத் தெரியாது."

"யாரு வெச்சது?"

"முதல் சோதனை மார்ச் பத்தொன்பது. லேப்ல வாங்காத தங்கம் வெளியிலிருந்துதான் வந்திருக்கணும். அந்தச் சமயத்துல இங்க யாராவது ஏதாவது விசேஷம்னு லீவு எடுத்தாங்களா?"

திருக்குமரன் யோசித்தார். "மணியண்ணன். அவங்க எஸ்டேட் கோயில் கும்பாபிஷேகம்னு ஒரு வாரம் லீவு போட்டாரு."

அக்கா நோட்டை மூடினார். "கும்பாபிஷேகம்னா அம்மனுக்குத் தங்கத்துல புதுப் பொட்டு செய்வாங்க" என்றார்.

* * *

மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டிச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள் நுழைந்து போனால் புக்கிட் செலாசே எஸ்டேட். நம் ஆட்கள் எல்லோரும் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள். இப்போது குலை வெட்டுபவர்கள் வங்காளதேசத்துக்காரர்கள். ஆனாலும் கோயில் மட்டும் புதுப் பெயிண்டோடு பளிச்சென்று நின்றது. மணியண்ணன் என்ற மணியம் வெளிக்குழாயடியில் உட்கார்ந்து புளி போட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். வாழ்நாள் முழுக்க எதையாவது கழுவியே வெளுத்துப்போன விரல்கள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றேன். அங்கிருந்தே அம்மனின் நெற்றி தெரிந்தது. கடைத் தங்கத்தில் செம்பின் சிவப்பு கொஞ்சம் அடிக்கும். இந்தப் பொட்டில் அது இல்லை. நல்ல பசுமஞ்சள்.

"அண்ணே, பொட்டு ரொம்ப அழகா இருக்கு. எந்தப் பட்டறைல செஞ்சது?" என்று கேட்டார் அக்கா.

மணியத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "தகடா அடிச்சதுதான்ம்மா பட்டறை. தங்கத்தைச் சுத்தம் பண்ணினது நானு. முப்பத்திரெண்டு வீட்டுல ஒடைஞ்ச தோடு, மூக்குத்தி, புள்ளைங்க போட்ட காப்புன்னு குடுத்தாங்க. அதுல பாதி செம்பு. அம்மன் நெத்தியில செம்பு கலந்து வைக்கலாமா? நான் லேப்ல வேலை செஞ்சவன், எனக்குத் தெரியும்ல. ஒரு ஞாயித்துக்கிழமை லேப் சாவியை எடுத்துட்டுப் போயி, ராஜதிராவகத்துல கரைச்சு, திரும்பத் தங்கத்தை மட்டும் இறக்கி எடுத்தேன். ஒரு தூசு விடல."

"எந்தக் குடுவையில?"

"ஏழு. பழசு, கீறல் விழுந்தது. அதை யாரும் தொட மாட்டாங்க. சோப்பு போட்டு நல்லாக் கழுவித்தான் வெச்சேன்." பெருமை நின்றது. "ஏன்ம்மா கேக்குறீங்க?"

இந்த இடத்தில் அக்கா என்னைப் பார்த்தார். அவர் எப்போதும் என்னைப் பார்ப்பது நான் எதையாவது உளறி இறுக்கத்தைக் குறைப்பேன் என்றுதான். எனக்கு ஒன்றும் வரவில்லை.

அக்காவே சொன்னார். குடுவையில் ஒட்டியிருந்த தங்கம், பலித்த பதினோரு தடவை, பலிக்காத நாற்பத்தோரு தடவை. நிதானமாக, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். மணியம் கையில் இருந்த விளக்கைத் தரையில் வைத்தார். அது சாய்ந்து உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

"சார் கேட்டாரும்மா" என்றார் கடைசியில். "நவம்பர்ல. ‘மணியண்ணே, ஏழுல வேற யாராச்சும் ஏதாவது செஞ்சாங்களா? கோவிச்சுக்க மாட்டேன், சொல்லுங்க’ன்னாரு. எனக்கு ரிடயர் ஆக ரெண்டு மாசம்தான் இருந்துச்சு. ஆபீஸ் சாமானைக் கோயில் காரியத்துக்கு எடுத்தேன்னு தெரிஞ்சா, முப்பது வருஷம் இருந்த எடத்துல கெட்ட பேரோட வெளிய போகணுமேன்னு பயம். ‘இல்ல சார்’னேன். அவ்வளவுதான். அவரு ‘சரிண்ணே’ன்னு போயிட்டாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. இப்போ நீங்க சொல்லித்தான் தெரியுது."

"உங்களுக்குத் தெரிய நியாயம் இல்லண்ணே."

"இன்னொண்ணும் இருக்கு." அவர் முகம் கோணியது. "பூஜைக்கு எல்லாக் குடுவையையும் ஒரு தரம்தான் ஆசிட்ல போட்டேன். ஏழாம் நம்பரை மட்டும் ரெண்டு தரம் போட்டுக் கழுவினேன். சாரோட ராசியான குடுவைன்னு. அவருக்கு நல்லது நடக்கணும்னு."

சொல்லிவிட்டு, பெரிய மனுஷன், குழாயடியில் உட்கார்ந்தபடியே வாய்விட்டு அழுதார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு செம்பனையை எண்ண ஆரம்பித்தேன். இந்தத் தொழிலில் நான் எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்ததும் சந்தோஷமாகச் சாப்பிடப் போயிருக்கிறேன். இந்தக் கேஸில் பிடிப்பதற்கு ஒரு அயோக்கியன்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்தக் குப்பிகள்ல தங்கம் இருக்கு" என்றார் அக்கா மெதுவாக. "அதை சுதர்ஷன்தான் போட்டார்னு லேப்ல எழுதப் போறாங்க. போட்டது யாருன்னு சொல்ல உலகத்துல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

மணியம் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சட்டை மாட்டிக்கொள்ளக்கூட உள்ளே போகவில்லை, கொடியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

* * *

மூன்று மணிக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் மணியம் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருக்குமரன் அதை இரண்டு தரம் படித்தார். பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதியதைத் தானே டைப் செய்தார். கட்டுரையைத் திரும்பப் பெறத்தான் வேண்டும். உலோகம் இல்லாமல் நடக்கும் என்று சுதர்ஷன் எழுதியது தவறு, அதை மாற்ற முடியாது. ஆனால் ‘தெரிந்தே’ என்று இருந்த இடத்தில் ‘அறியாமல்’ என்று வந்தது. ஏன், எப்படி என்பதும் முழுசாக வந்தது.

"தங்க உப்பு வரவழைச்சு நானே செஞ்சு பார்க்கிறேன்" என்றார் அக்காவிடம். "அவன் பேரையும் போட்டு மறுபடி எழுதுவேன். இதை அவன் உசுரோட இருக்கும்போது நான் செஞ்சிருக்கணும்."

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது புக்கிட் பாருவில் தாட்சாயினி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். மணியம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நாங்கள் மட்டும் உள்ளே போனோம். ஷூ வைக்கும் அலமாரியில் ஆம்பளை ஷூ இரண்டு ஜோடி இன்னும் இருந்தது.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லல. ஏமாந்துட்டாரு. ரெண்டும் வேற." பிறகு நடந்ததைச் சொன்னார். புதுக் கடிதத்தின் நகலைக் கொடுத்தார்.

தாட்சாயினி அதை வாங்கிப் படித்தார். இப்போதாவது அழுவார், அழுதுவிட்டு நன்றி சொல்வார், நாம் கிளம்பலாம் என்று காத்திருந்தேன். அவர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லவா?" என்றார். "அவர் பொய்தான் சொன்னார்னு நீங்க வந்து சொல்லணும்னு நான் வேண்டிக்கிட்டு இருந்தேன்."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னிக்குக் காலையில அவர் ஷூ போட்டுக்கிட்டு இருந்தார். மூணு மாசமா ராத்திரி தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல. என்னால பார்க்க முடியல. ‘சுதா, பொய்யா இருந்தா ஒத்துக்கோங்க. நான் உங்களை விட்டுப் போக மாட்டேன்’னு சொன்னேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒண்ணும் பேசல. ஷூக் கயிறைக் கட்டிட்டுப் போயிட்டார். பத்தரை மணிக்கு ஃபோன் வந்தது." காகிதத்தை நீவிவிட்டார். "அவர் பொய் சொல்லியிருந்தா நான் சொன்னது ஆறுதல். கடைசியா ஆறுதல் சொல்லித்தான் அனுப்பினேன்னு நினைச்சுக்கிட்டாவது இருந்திருப்பேன். இப்போ நான் சொன்னது என்னன்னு ஆகுது, சொல்லுங்க?"

அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வாசலில் நிழலாடியது. மணியம் கேட்டைத் திறந்து உள்ளே வந்துவிட்டிருந்தார். செருப்பில்லாமல், கைகூப்பியபடி நின்றார். "அம்மா, அவரு என்னைக் கேட்டாரும்மா. அன்னிக்கு ஒரு வார்த்தை நான் உண்மையைச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்காமலே குனிந்து தாட்சாயினியின் காலைத் தொடப் போனார்.

தாட்சாயினி சட்டென்று எழுந்து அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க அண்ணே" என்றார். "உங்களை அவர் கேட்டார், நீங்க பயந்துட்டீங்க. என்னை அவர் ஒண்ணுமே கேட்கலை. நானாத்தான் சொன்னேன்."